பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கவனத்திற்கு

வணக்கம் உறவுகளே. பினாங்கு பொது மருத்துவமனை நிபுணர் கிளினிக் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள்.

அந்த மருத்துவமனை இருக்கும் ஜாலான் ரெசிடென்சிக்கு நேராகப் போய் நிபுணரைப் பார்க்க முடியாது. வேறொரு டாக்டர் அனுப்பிவைக்கும் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் வாங்கிப் போனால் குடிமக்களுக்கு முதல் முறை கட்டணம் இல்லை, அப்புறம் ஒவ்வொரு முறையும் 5 ரிங்கிட்தான். தனியார் கிளினிக் கடிதம் என்றால் முதல் முறை 30 ரிங்கிட். அதனால் அவசரமில்லாத நோய்க்கு முதலில் வீட்டுப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள்.

டாக்டரோடு நாலைந்து மாணவர்கள் நின்றால் பயப்படாதீர்கள். 1996இல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய அயர்லாந்துக் கல்லூரியின் மாணவர்கள் இங்கேதான் பயிற்சி பெறுகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் மறுக்கலாம். என் அம்மாவிடம் ஒரு மாணவி உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டதில்தான், ஒரே மாத்திரையை இரண்டு பெயரில் அவர் விழுங்கி வந்தது தெரிந்தது! வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மாதாமாதம் மருந்துக்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். மருந்தகத்தில் ‘ஸ்பூப்’ (SPUB) என்று கேளுங்கள். மீதி மருந்தை உங்களுக்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

மைகார்டை (அடையாள அட்டையை) மறக்காதீர்கள். மொழி தடுமாறும் பெரியவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். துணைக்கு ஆள் இல்லையா, இங்கே எழுதுங்கள், நான் வருகிறேன்.