மெலிந்த பிள்ளைக்குத்தான் ஊசி முதலில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகளில் தாய்மார் வாயிலிருந்து அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "பிள்ளை மெலிஞ்சு கிடக்கு, ஊசி தாங்காது. கொஞ்சம் தேறட்டும், பிறகு போடுவம்."

பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பிள்ளைக்குத்தான் இதனால் ஆபத்து. நிறை குறைவு என்பது தடுப்பூசியைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை. போஷாக்கு இல்லாத உடம்புக்குக் கிருமியோடு போராடத் தெம்பு இருக்காது. சின்னமுத்து (தட்டம்மை) வந்தால் நிமோனியாவும் வயிற்றோட்டமும் அந்தப் பிள்ளையைத்தான் கடுமையாகத் தாக்கும். வாய் புண்ணாகி, பாலைக்கூடத் தள்ளிவிடும். உடம்பிலுள்ள விற்றமின் ஏ வற்றிப்போய்ப் பார்வையே பறிபோகலாம். முன்பு வந்த நோய்களுக்கு எதிராக உடம்பு சேர்த்து வைத்ததையும் இந்தக் கிருமி அழித்துவிடுவதால், சுகமான பிறகும் பல மாதங்களுக்குச் சளி, காய்ச்சல் என்று மாறி மாறி வரும்.

போதாக்குறைக்கு, அம்மாள் வருத்தம் என்று முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுக்கிறோம். கும்பிடுங்கள், வேப்பிலையும் கட்டுங்கள், சாப்பாட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் உடனே காட்டுங்கள். விற்றமின் ஏ கொடுப்பதும் இந்நோய்க்கான சிகிச்சையில் ஒரு பகுதி.

சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தபோது பெருமைப்பட்டோம். 2023 இல் அது திரும்பி வந்து கொழும்பிலும் பரவியது. 2024 ஜனவரியில் கொழும்பு உட்படப் பல மாவட்டங்களில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போட வேண்டி வந்தது. வழமையான ஊசி 9 மாதத்தில் ஒன்று, 3 வயதில் ஒன்று. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் இருப்பதால் இரண்டாவது மறந்துபோவது சுலபம்.

ஊசி நாளில் மட்டும் கிளினிக் போனால் இன்னொன்றும் தவறிவிடும். பிள்ளையின் கொப்பியில் நிறைக் கோடு கீழே சரிவது மாதாமாதம் நிறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதைக் கண்டால் மிட்வைஃப் திரிபோஷ சத்துமாவோ ஆலோசனையோ தந்து நோய் வருமுன்னே பிள்ளையைத் தேற்றலாம். ஆனால் நாட்கூலிக்குப் போகும் தாய்க்கு வார நாள் கிளினிக் என்றால் அன்றைய சம்பளம் போச்சு. மாலையிலோ ஞாயிறிலோ நிறை பார்க்க மாநகர சபை ஏற்பாடு செய்தால் பெரிய உதவி.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: எந்த வயதில் எந்த ஊசி என்ற அட்டவணையைத் தமிழில், வெட்டிச் சுவரில் ஒட்டக்கூடிய அளவில், ஒரு ஞாயிறு இதழில் போடுங்கள்.

வாசகி,
கொழும்பு 13