எந்தப் பக்கம்?

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய படத்தில் அந்தத் தேக்கு நிலையைத்தான் முதலில் பார்த்தேன். மூலைப் பொருத்தில் மயிரிழை இடைவெளி இல்லை; என் கைக்கு ஒருபோதும் வராத நேர்த்தி அது. பொங்கலுக்குப் பிறகு வீட்டோடு பேச நேரமில்லாதவனுக்கு இழைக்க மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது. பிறகுதான் அருகில் நிற்கும் உன்னைக் கவனித்தேன். இடது கண் சற்றே நீர் கோத்திருப்பதாகப் பட்டது. வெயிலாக இருக்கலாம்.

பட்டறையில் முகமூடி போட்டுக்கொள். மூக்கு அடைத்திருக்கிறது என்று படத்தோடு எழுதியிருந்தாய். சளி என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் அடைத்து, சில நாளில் விட்டுவிடும். ஒரே பக்கம் வாரக்கணக்கில் அடைத்திருந்தாலோ, சிந்தும்போது ரத்தம் கலந்தாலோ, கன்னம் மரத்தாலோ மருந்துக்கடை மாத்திரையோடு நிறுத்திவிடாதே. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், மரவேலை செய்பவன் என்பதை முதலில் சொல்.

பெரியப்பாவின் மூக்குப் புற்றுநோயைப் பார்த்த மருத்துவர் தச்சனுக்குப் புரியும்படியே எனக்கு விளக்கினார். கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையின் கூரைதான் கண்குழிக்குத் தரை. மூக்கின் மேற்புறச் சிற்றறைகளுக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பதோ வெனீர் போன்ற மெல்லிய எலும்பு. உள்ளே வெற்றிடம் என்பதால் கட்டி வெகுநாள் வலியில்லாமல் வளர்கிறது. எலும்பை அரித்த பிறகும் கண்ணைச் சூழ்ந்த சவ்வு சிறிது காலம் தாங்கும். அதையும் கடந்து கொழுப்பிலும் தசையிலும் ஆழமாக இறங்கிவிட்டால் பெரும்பாலும் கண்ணையே எடுக்க நேரிடுகிறது. இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதியில் மரச்சாமான் செய்தவர்களிடம் இந்நோய் மிகுந்திருப்பதை 1960களிலேயே கண்டார்களாம். மரத்தூள் புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியது. நமக்குத்தான் அது வெறும் தூசு. முகமூடி போட்டுக்கொள்.

ரத்தம் வருகிறது என்று அண்ணன் முதலில் சொன்னது என்னிடம். கல்யாண மண்டபக் கதவுகளைச் சித்திரைக்குள் முடித்தாக வேண்டியிருந்ததால், ஆவி பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு உளியை எடுத்தேன். மேல் பல் ஆடியபோது அதைப் பிடுங்க அழைத்துப் போனவனும் நான்தான். எட்டு மாதம் அப்படிப் போயிற்று. பெரியம்மாவிடம் இதைச் சொல்லும் துணிவு இன்றுவரை எனக்கு வரவில்லை; உன் அம்மாவுக்கும் தெரியாது. பன்னிரண்டு வயதில் உன் கையில் உப்புத்தாளைக் கொடுத்து, வாயை மூடக் கைக்குட்டைகூடத் தராதவனும் நான்தான்.

ஞாயிறு அழைக்கும்போது எந்தப் பக்கம் என்று மட்டும் சொல். அதற்கு முன், கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராக நின்று ஒரு படம் அனுப்பு.

அப்பா