சிறார் வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, ஜமுக்காளத்தில் முன்வரிசை பிடித்திருக்கும் வாண்டுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மழையால் நின்ற கூட்டங்கள், பரீட்சை மாதங்களில் ஈயாடிய ஞாயிறுகள் எல்லாம் உங்களுக்கே தெரியும். புதிதாகச் செய்த ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போன பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர் 'அருமை' என்று சொல்லக்கூடாது. சொன்னால் அன்றைய டீச்செலவு அவருடையது. எது நன்றாக இருக்கிறது, எந்த இடத்தில், எந்த வயதுப் பிள்ளைக்கு என்று சொல்லியாக வேண்டும். முதல் மாத டீச்செலவு முழுக்கச் செயலாளர் தலையில்தான் விழுந்தது.

அழ. வள்ளியப்பாவில் தொடங்கினோம். லட்டுப் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அது ஏன் நல்ல பாட்டு என்று கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்தான் பிடித்தார்: தட்டு, லட்டு, எட்டு, கிட்டு என்று நாக்கு தாளம் போடும்போதே எட்டில் பாதி எவ்வளவு என்பதும் உள்ளே இறங்கிவிடுகிறது. 1922இல் இராயவரத்தில் பிறந்தவரின் பாட்டை, இன்றைய ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்காமல் பாடுகிறது.

அதிக நேரம் பிடித்தது நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் கொண்டுவந்த 'டோட்டோ-சான்'. டெட்சுகோ குரோயாநாகி 1981இல் ஜப்பானிய மொழியில் எழுதிய தன் பள்ளி நினைவுகள். பெரியவர்கள் பேச்செல்லாம் ரயில் பெட்டி வகுப்பறைகளையும், சேர வந்த சிறுமி பேசப் பேச 4 மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்த தலைமை ஆசிரியர் கோபயாஷியையும் சுற்றியே இருந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்தது வேறு. கழிவறைக் குழியில் விழுந்த பர்ஸைத் தேடி டோட்டோ-சான் எல்லாவற்றையும் வெளியே அள்ளிக் குவிக்கிறாள். அந்தப் பக்கம் வந்த கோபயாஷி திட்டவில்லை; வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். இதை மூன்று முறை வாசிக்கச் சொன்னார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒரு சிறுமி, "எங்க மிஸ்ஸா இருந்தா?" என்றாள். பதில் சொல்ல ஆளில்லை. அந்தப் பள்ளி 1945 குண்டுவீச்சில் எரிந்துபோகும் கடைசிப் பகுதியைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்பதா வேண்டாமா என்று நமக்குள் வாக்குவாதம் வந்தது. வாசித்தோம். சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

'குட்டி இளவரசன்' விஷயத்தில் நாம் ஒத்துப்போகவில்லை, இனியும் ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது. ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் பிரெஞ்சிலிருந்து நேரடியாகச் செய்த மொழிபெயர்ப்பு. உரக்க வாசிக்கும்போது எங்கும் இடறவில்லை. கதையில் வரும் பெரியவர்கள் தொப்பி என்று நினைக்கிற, யானையை விழுங்கிய பாம்பின் படத்தைக் காட்டியபோது நம் பிள்ளைகள் தொப்பி என்று சொல்லவில்லை, கரையான் புற்று என்றார்கள். சரி, புற்றுக்குள் பாம்பு இருக்கும்தானே! ஆனாலும் நரி வருகிற பகுதிக்குள் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் போய்விட்டார்கள். பெரியவர்கள் தங்களுக்காக வாங்கிப் பிள்ளைக்குப் பரிசளிக்கும் புத்தகம் இது என்பது என் கட்சி. பன்னிரண்டு வயதுக்குக் காத்திருக்கலாம்.

அலெக்ஸாந்தர் ரஸ்கினின் 'அப்பா சிறுவனாக இருந்தபோது' பற்றி யாருக்கும் சண்டை இல்லை. உடம்புக்கு முடியாத மகளுக்கு, தான் அசடு வழிந்த கதைகளாகப் பார்த்து ஒரு தகப்பன் சொன்னவை. புதுப்பந்தைக் காருக்கு அடியில் உருட்டிவிடுகிற அப்பா, தினம் ஒரு வேலைக்கு ஆசைப்பட்டு ஒருநாள் நாயாகவே ஆக முடிவெடுக்கிற அப்பா. எங்கும் உபதேசம் இல்லை. அப்பாவும் முட்டாள்தனம் செய்தவர்தான் என்று தெரிந்தால் பிள்ளைக்கு அது போதும். இதைக் கேட்ட பிறகு வீட்டில் அப்பாக்களைத் துளைத்தெடுத்திருக்கிறார்கள். இரண்டு தகப்பன்மார் என்னிடம் புகார் சொன்னார்கள். நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை.

எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பிள்ளைகளுக்கு நேரும் பாலியல் சீண்டலைப் பேசுவதால் வாசிப்பதற்கு முன் பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினோம். ஒரு பள்ளியில் இதை வாசிக்க அனுமதி கேட்டோம், கிடைக்கவில்லை. அந்தக் கனத்தைச் சுமக்க ஒரு மரப்பாச்சியைப் பேசவைத்ததுதான் நூலின் கெட்டிக்காரத்தனம். அம்மாவிடம் வராத பேச்சு பொம்மையிடம் வந்துவிடும். வாசிப்பு முடிந்த பிறகு பிள்ளைகளைவிடத் தாய்மார்கள்தான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை'யை ஆண்டுக் கடைசியில்தான் எடுத்தோம், பாதியில் நிற்கிறது. அதற்குள்ளேயே கீழடி அருங்காட்சியகத்துக்கு எப்போது பஸ் என்று நச்சரிப்பு. வேன் வாடகைக்குப் பொருளாளர் மனம் வைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரஸ்கின் புத்தகத்தின் நம் இரண்டு பிரதிகளில் ஒன்றைக் காணவில்லை. யார் வீட்டிலாவது இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் குழம்பு சிந்தியிருந்தாலும் பரவாயில்லை, அபராதம் கிடையாது.

நன்றி.
செயலாளர்