பெயரில் ‘நானோ’ இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் உங்கள் நாளிதழில் வரும் மேற்படிப்பு வழிகாட்டிப் பக்கங்களை விடாமல் படிப்பவன் நான். நானோ தொழில்நுட்பம் பற்றியும் அதில் எழுதுகிறீர்கள். எந்தப் பட்டம், எத்தனை ஆண்டு, என்ன வேலை என்று ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. அதைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பெண் ஒருத்தி, கிடைக்கிற கெமிக்கல் இன்ஜினீயரிங் இடத்தை விட்டுவிட்டு, பெயரில் ‘நானோ’ உள்ள படிப்பாகத் தேடுகிறாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டயருக்குக் கறுப்பும் வலுவும் தருகிற கார்பன் பிளாக் ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தகிக்கும் வாயுவுக்குள் எண்ணெயைப் பீய்ச்சி, அது முழுக்க எரிந்துவிடாதபடி சரியான இடத்தில் தண்ணீர் தெளித்து நிறுத்துவார்கள். அப்போது புகையில் மிதந்து வரும் கரித்துகள் சில பத்து நானோமீட்டர்தான் இருக்கும் (ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). அதன் பருமனைக் கண்காணிக்க எங்களுக்குக் கைகொடுத்தது அயோடின் சோதனை. கரித்தூளை அயோடின் கரைசலில் போட்டுக் குலுக்கி, தூளைப் பிரித்துவிட்டு, மிஞ்சிய அயோடினைத் தயோசல்ஃபேட்டால் டைட்ரேட் செய்வோம், அதாவது சொட்டுச் சொட்டாக விட்டு அளப்போம். ஸ்டார்ச் விட்டதும் கரைசல் நீலமாகும். அப்புறம் ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டே போனால், ஏதோ ஒரு சொட்டில் நீலம் சட்டென்று மறையும். மிஞ்சியதைக் கழித்தால் கரி எவ்வளவு அயோடினைப் பிடித்துக்கொண்டது என்று தெரியும். என்-330 என்ற கார்பன் பிளாக் ரகத்துக்கு அது கிராமுக்கு 82 மில்லிகிராம் வர வேண்டும். அதைவிடக் கூடினால் துகள் நுணுகிவிட்டது, குறைந்தால் பருத்துவிட்டது என்று பொருள். உடனே கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போகும். துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்வதைக் குறைக்கக் கொஞ்சம் பொட்டாசியம் உப்பு சேர்ப்பார்கள். இத்தனையும் நானோ துகள் வேலைதான். செய்தவர்கள் கெமிக்கல் இன்ஜினீயர்களும், என்னைப் போல் பி.எஸ்சி. வேதியியல் படித்தவர்களும்.

ஆராய்ச்சிப் பக்கம் போனவர்களின் பாதையும் இப்படித்தான் இருக்கிறது. சோட்டிரிஸ் பிராட்சினிஸ் என்ற கிரேக்கர், நெருப்பில் நானோ துகள் செய்யும் கலையில் உலகம் அறிந்த பேராசிரியர். 1977-ல் தெசலோனிக்கி பல்கலைக்கழகத்தில் அவர் வாங்கியது வேதிப்பொறியியல் பட்டம். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் போய், ஏரோசால் அறிவியலுக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவரான ஷெல்டன் ஃபிரீட்லாண்டரிடம் ஆய்வு செய்து 1985-ல் முனைவரானார். காற்றில் மிதக்கும் துகள்கள் எப்படிப் பிறக்கின்றன, மோதுகின்றன, ஒட்டிக்கொள்கின்றன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் படிப்பு அது. அடுத்துப் பல ஆண்டுகள் அமெரிக்காவிலேயே சின்சினாட்டியில் ஆசிரியப் பணி. அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று, வெள்ளை பெயின்ட்டில் சேரும் டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் மூலப்பொருளான டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆக்சிஜனோடு எவ்வளவு வேகத்தில் வினைபுரிகிறது என்ற அவரது ஆய்வு 1990-ல் வெளியானது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இதில் கவர்ச்சி ஒன்றும் தெரியாது. ஆனால் பின்னாளில் அவர் கட்டியது அத்தனைக்கும் அதுதான் அஸ்திவாரம் என்பது என் கருத்து.

1998-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் இ.டி.எச். பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கேயும் அவர் இருந்தது இயந்திர, செயல்முறைப் பொறியியல் துறையில். உலோக உப்பைக் கரைப்பானில் கரைத்து, ஆக்சிஜனால் தூவலாக்கி, பற்றவைத்து, சில மில்லிநொடிகளில் துகளாக்கும் முறையை அவருடைய குழு பக்குவப்படுத்தியது. ஆக்சிஜனைக் கூட்டினால் சுடர் குட்டையாகும், துகளும் சிறுக்கும். படிக்கும்போது என் ஆலைதான் நினைவுக்கு வந்தது. அந்தச் சுடரில் வினையூக்கிகள் செய்தார்கள், மூச்சுக்காற்றில் அசிட்டோனைக் கண்டறியும் உணரிகள் செய்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இரும்புச்சத்து வேலை. உணவில் ஃபெரஸ் சல்பேட் சேர்த்தால் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். ஆனால் உணவின் நிறமும் ருசியும் கெடும். இரும்பு பாஸ்பேட் நிறத்தைக் கெடுக்காது. ஆனால் எளிதில் உடம்பில் சேராது. அதையே நானோ துகளாகச் செய்தபோது, எலிகளில் ஏறக்குறைய ஃபெரஸ் சல்பேட் அளவுக்கே சேர்ந்தது என்று சூரிச்சின் ஊட்டச்சத்து ஆய்வாளர்களோடு சேர்ந்து 2007-ல் காட்டினார்கள். ரேஷன் கடையில் இரும்புச்சத்து செறிவூட்டிய அரிசி வாங்கிப் பழகிய நம் மாணவர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கிடைக்குமா?

இளநிலைப் பட்டத்திலிருந்து அந்த இரும்புத் துகள் வரை 30 ஆண்டுகள். அடுத்த வழிகாட்டிப் பக்கத்தில் இப்படி ஒருவரின் பாதையை முழுசாக, எந்த வயதில் என்ன படித்தார், யாரிடம் கற்றார், எந்தச் சின்ன கேள்வியோடு பல வருஷம் உட்கார்ந்திருந்தார் என்று எழுதுங்கள். வெப்பவியல், பாய்ம இயக்கவியல், வேதிவினை வேகம் ஆகிய மூன்றையும் ஊன்றிக் கற்றவருக்கு நானோ துகளுக்குள் நுழைவது கஷ்டமில்லை என்பதையும் எழுதுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும் பெற்றோர், துகளின் அளவை அளக்க இங்கே என்ன கருவி இருக்கிறது, இளநிலை மாணவர் அதைத் தொட அனுமதி உண்டா என்று துறைத் தலைவரிடம் நேராகவே கேட்கட்டும். பதில் வராவிட்டால் பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு கல்லூரியையும் பார்த்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரக்கட்டுப்பாட்டு வேதியியலாளர்,
திருவொற்றியூர், சென்னை.