அக்காவுக்கு, அந்த 24 நொடி வீடியோ பற்றி

அக்கா,

இன்று மார்கழி ஒன்று. போன வருஷம் இதே நாளில்தான் இன்ஸ்டாகிராமைப் போனிலிருந்து எடுத்தேன். ஏன் என்று நீ மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் கண் வலி என்றேன். கண் வலித்தது உண்மைதான், ஆனால் அதற்காக எடுக்கவில்லை.

போனில் சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். பாதியிலேயே நீ அழ ஆரம்பிப்பாய், இல்லையென்றால் நான் கத்த ஆரம்பிப்பேன். உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த வீடியோவைச் சொந்தபந்தம், தெருக்காரர்கள், நான் முகமே பார்க்காதவர்கள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அதில் மறைத்ததையும் எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் முறை என்று படுகிறது. சித்தி இதைப் படிப்பார், உன் புகுந்த வீட்டிலும் படிப்பார்கள். அதனால் சிலதைத் தொடாமல் போகிறேன். உனக்குப் புரியும்.

எந்த வீடியோ என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு நீ ஆறு இதயம் போட்டாய்.

இரண்டு வருஷம் முன்னால், இதே மார்கழி ஒன்று, மணி ஐந்தே கால். மஸ்கட்டில் உனக்கு மூன்றே முக்கால். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு வாசல், கோயில் ஸ்பீக்கரில் பாசுரம். அம்மா சாணி தெளித்துப் பெருக்கிவிட்டு, ஈரம் கொஞ்சம் இழுக்கட்டும் என்று காத்திருந்தாள். அப்புறம் புள்ளி வைத்தாள். 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரச, கோலமாவு சிட்டிகை சிட்டிகையாக விழுந்தது. ஒரு புள்ளிகூட வரிசை பிசகவில்லை. தெருவிளக்கு வெளிச்சம் அவள் கை மேல் மட்டும் விழுந்தது. நான் படியில் நின்று போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

பாதிக் கோலம் வந்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்த வாக்கிலேயே நின்றாள். "அந்தப் பக்கத்தை நீ இழுடீ, எனக்குக் கால் மடங்க மாட்டேங்குது" என்றாள்.

"ஒரு நிமிஷம்மா, வெளிச்சம் நல்லா இருக்கு" என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. உட்கார்ந்து மீதியையும் அவளே இழுத்தாள். நடுவில் பூசணிப் பூவை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்து அதை 24 நொடிக்குச் சுருக்கினேன். அவள் பேசுகிற இடத்தை வெட்டினால் கோலம் பாதியிலிருந்து முழுசாகிற அந்த அழகு போய்விடும். அதனால் வெட்டவில்லை. சத்தத்தை மட்டும் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு மேலே ஒரு பாட்டைப் போட்டேன். பாட்டு தேடி, தாளத்துக்குப் பொருத்தி முடிக்க 40 நிமிஷம் ஆனது. அவள் கேட்ட பக்கத்தை இழுத்திருந்தால் 10 நிமிஷம்.

"அம்மா கை நேர்த்தியைப் பாரு" என்று நீ எழுதினாய். அம்மா உதடு அசைவதை நீயும் பார்க்கவில்லை. பார்த்திருக்க முடியாது, முகம் இருட்டில் இருந்தது, அதுவும் எனக்குத் தெரியும். இருந்தும் பல நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மஸ்கட்டில் இருந்துகொண்டு இதயம் அனுப்புவது சுலபம் என்று நினைத்தேன். அதை இப்போதும் முழுசாகத் திரும்ப வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை.

அந்த முட்டிக்கு அப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் யார் எத்தனை நாள் இருந்தோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அன்றைக்கு நான் குனிந்திருந்தால் அம்மா தப்பித்திருப்பாள் என்றும் இல்லை, பல வருஷத் தேய்மானம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் அவள் தரையில் உட்கார்ந்து இழுத்த கடைசி மார்கழிக் கோலம் அது. அதில் பாதி என் கையால் வந்திருக்க வேண்டும்.

போன வருஷம் மார்கழி ஒன்றுக்கு அவள் இங்கே மதுரையில் என்னோடு இருந்தாள். வாசல் வெறுமனே கிடந்தது. எனக்கு ஐந்து மணிக்கு முழிப்பு வந்தது, கண் திறக்கும் முன்னே கட்டைவிரல் போனைத் திறந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு முன் இதே நாள் என்று அந்த வீடியோ தானாக வந்து நின்றது. பாட்டோடு. பக்கத்துக் கட்டிலில் அம்மா விழித்துக்கொண்டு மேலே பார்த்தபடி படுத்திருந்தாள். அப்போதே எடுத்துவிட்டேன்.

எடுத்த பிறகு என்ன செய்வது என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. நடை போ, தியானம் பண்ணு, புத்தகம் படி என்றார்கள். எல்லாம் செய்தேன். நல்லதுதான், ஆனால் கஷாயம் குடிக்கிற மாதிரி இருந்தது. குக்கர் மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கும்போது கை தானாகப் போனுக்குப் போகும். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் காலி இடத்தைத் தடவிக்கொண்டிருப்பேன். பக்கத்துக்கு அடியே இல்லாமல், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிற அந்த அமைப்பை 2006இல் செய்தவர் அசா ரஸ்கின் என்பவர். பின்னால் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்திருக்கிறார். படித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

என் கைக்கு ஒரு வேலை வேண்டும், அந்த வேலையில் ருசியும் இருக்க வேண்டும். இது புரிய இரண்டு மாதம் ஆனது. ஒரு நாள் சின்னவளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் சும்மா புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. அத்தனை வருஷம் அம்மா போட்டதைப் பார்த்தும் எனக்கு ஒரு வளைவுகூடக் கையில் இல்லை. அம்மா நாற்காலியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளியைத் தொடாதே, சுத்து. ஓரத்துக்கு வந்ததும் திரும்பு" என்றாள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி ஒரு பக்கம்.

இதைக் கேள், உனக்குப் பிடிக்கும். நேர்ப்புள்ளியில், ஓரத்தில் மட்டும் திரும்புகிற எளிய சிக்கு. 4க்கு 4 வைத்தால் நாலு இழை தனித்தனியாக வரும். 5க்கு 4 வைத்தால் மொத்தக் கோலமும் ஒரே இழை, எங்கே ஆரம்பித்தாலும் கை எடுக்காமல் அங்கேயே வந்து சேரும். 6க்கு 4 என்றால் இரண்டு. ஏன் என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்தேன். சின்னவள்தான் சொன்னாள், இழை எத்தனை என்பது இரண்டு எண்ணின் மீப்பெரு பொது வகுத்தி, அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கிற பெரிய எண் என்று. 9க்கு 6 போட்டுப் பார்த்தோம், மூன்று இழை வந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு அவளும் நானும் குதித்தோம். அம்மா எழுந்து என்ன ஆச்சு என்று கேட்டாள்.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1974இலேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம், அதாவது கோலம் வளர்கிற விதிகளை, எழுதி ஆய்வுக்கட்டுரை போட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "இலக்கணம் இல்லாம எப்படிடீ கோலம் வரும்?" என்றாள்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் பல்லாங்குழி. ஊர் வீட்டுப் பரணில் இருந்த அந்த மரப்பலகையைக் கொண்டுவந்துவிட்டேன். டப்பாவில் 61 புளியமுத்துதான் இருந்தது. மீதி ஒன்பதைப் புளி கரைக்கும்போது கிடைத்ததில் இருந்து கழுவிக் காயவைத்துச் சேர்த்தேன். 14 குழிக்கும் ஐந்தைந்து சரியாக வந்தது. அம்மா முத்தை எண்ணவே மாட்டாள், விரல் நுனியால் தொட்டே எத்தனை என்று தெரிந்துவிடும். நாலு சேர்ந்ததும் "பசு" என்று சொல்லி எடுக்கிற அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? முட்டி நோவதாக அந்த ஒரு மணி நேரம் சொல்வதில்லை. நான் போனை நினைப்பதில்லை. அந்தப் பக்கம் ஆள் காத்திருக்கும்போது கை வேறெங்கும் போகாது.

இப்போது உன் விஷயம். நீ அனுப்பினதை நான் பார்க்காமல் விட்டது, உன்னையே விட்டுவிட்ட மாதிரி இருந்தது என்று சித்தி சொன்னார். ராத்திரி ட்யூட்டி முடிந்து நீ அனுப்புகிற பூனைக்குட்டியும் பிரியாணி தம் உடைக்கிற வீடியோவும் "நான் நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா?" என்பதுதான் என்று எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு இருபது வந்த காலமும் உண்டு. அதைக் கேட்காமல் கதவைச் சாத்தினேன், உன்னிடம் சொல்லாமல் சாத்தினேன். அதற்கு மன்னித்துவிடு. எனக்குப் பயமாக இருந்தது அக்கா. உனக்காக மட்டும் திறந்தால் அப்படியே உள்ளே போய்விடுவேன் என்று தெரியும்.

ஆனால் நீயும் அந்த ஒரு வருஷத்தில் எத்தனை தடவை கூப்பிட்டாய்? ரீல் போகவில்லை என்றதும் பேச்சே நின்றுவிட்டதே, அப்படியானால் நம் இருவருக்கும் இடையில் வேறு எதுவும் இல்லையா? பொங்கலுக்கு நானாகக் கூப்பிட்டபோது மூன்று நிமிஷம் பேசினாய். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அவளுக்கு வேலை இருக்கும்" என்றாள். அந்த ட்யூட்டி எப்படிப்பட்டது என்று தெரியாதவள் இல்லை நான். அங்கே நீ தனியாக என்னவெல்லாம் பார்த்துக்கொள்கிறாய் என்பதும் தெரியும். தெரிந்தும் வலித்தது.

சரி, அந்த வீடியோவின் ஒரிஜினல் இன்னும் என்னிடம் இருக்கிறது, அழிக்கவில்லை. நாலே கால் நிமிஷம், பாட்டு இல்லாமல். காலையில் உனக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறேன். ஹெட்போன் போட்டுக் கேள். இரண்டாவது நிமிஷத்தில் அம்மா கேட்பாள். அதற்கு நான் சொன்னதும் அதில் இருக்கிறது.

இன்று வாசலில் நான்தான் போட்டேன். 7 புள்ளி, ஊடுபுள்ளி, 4 வரை. இரண்டு இடத்தில் இழை தடித்துவிட்டது. அம்மா நாற்காலியைக் கதவருகில் போட்டு உட்கார்ந்து, "இடது பக்கம் விட்டுட்டே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ட்யூட்டி இல்லாத நாளில் உன் நேரம் ஏழரைக்குக் கூப்பிடு. போனை ஸ்பீக்கரில் பலகை பக்கத்தில் வைக்கிறேன். எந்தக் குழி என்று நீ சொன்னால் போதும், உனக்காக நான் முத்தை எடுத்துப் போடுகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன் பக்கத்து ஏழு குழியிலும் ஐந்தைந்து போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள்.