பெலூவ் காட்டுப் பயணம்: பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை வழிகாட்டி ஒருவருடன் நம் ரெயூனியன் தீவின் பெலூவ் மேகக் காட்டிற்கு அழைத்துச் செல்கிறோம். காலை 5.30 மணிக்குச் சேன் ஆந்த்ரே கோவில் வாசலிலிருந்து பேருந்து புறப்படும். முற்பகலிலேயே மேகம் ஏறி மரங்களை மூடிவிடுவது அங்கு வழக்கம் என்பதால், தாமதமாக வருபவர்களுக்காகக் காத்திருக்க இயலாது.

1. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ள காடு இது. கடற்கரையில் வெயில் அடித்தாலும், குளிராடையும் மழைச்சட்டையும் கட்டாயம் தேவை.

2. துரூ தெ ஃபேர் பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடம் வரை பாதை சேறாக இருக்கும். பிடிப்புள்ள காலணி அணியுங்கள், செருப்பு வேண்டாம்.

3. தெக்-தெக் குருவி மனிதரைக் கண்டு அதிகம் அஞ்சாது; அமைதியாக நின்றால் அருகிலேயே வந்து அமரும். வானம் தெளிந்திருந்தால் இத்தீவின் பருந்தான பப்பாங்கையும் பார்க்கலாம். துயி-துயி பறவையைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். அது தீவின் வடக்கே உள்ள ரோஷ் எக்ரித் மலைப் பகுதியில் மட்டுமே வாழ்வதால், இப்பயணத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

4. தேசியப் பூங்கா என்பதால் செடி, பெரணி எதையும் பறிக்கக் கூடாது. பறவைகளுக்கு உணவும் தரக் கூடாது.

5. மதிய உணவும் குடிநீரும் அவரவர் கொண்டு வரவும். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் எடுத்து வந்தால் பேருதவியாக இருக்கும்.

வருபவர்களின் பெயர், பிள்ளைகளின் வயது ஆகியவற்றை நவம்பர் 11, புதன்கிழமை இரவுக்குள் இக்குழுவிலேயே பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வர இயலாதவர்களும் ஒரு வரி தெரிவித்தால், பேருந்து இருக்கைகளைக் கணக்கிட எளிதாகும்.