நிலைவிலையில் இருக்கும் வீடும் மாறிக்கொண்டேயிருக்கும் உச்சவரம்பும்

ஹரோ, லண்டன்
ஜனவரி 2026

அன்பின் நண்பருக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உம்முடையதும் மச்சாளுடையதும் நலமறிய ஆவல். மகளுக்கு மான்செஸ்டரில் வேலை கிடைத்துப் போய்விட்டதால் எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேர்தான். குளிரோடு மச்சாளின் மூட்டுவலி கூடிவிட்டதையும், அதற்காகப் பகலிலும் ஹீற்றிங்கை நிறுத்தாமல் வைத்திருப்பதையும் வாசித்து மனம் வருந்தினேன். இந்த நிலையில், ஜனவரி முதலாம் திகதியிலிருந்து எரிசக்தித் துறையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்ஜெம் மின்சார, எரிவாயு விலை உச்சவரம்பை மாற்றிவிட்டது என்ற செய்தி உம்மைக் கலங்க வைத்ததில் வியப்பில்லை. சென்ற ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரு வருடத்துக்கு விலை மாறாத நிலைவிலை ஒப்பந்தம் எடுத்த உங்களுக்கும் பில் ஏறுமா என்று கேட்டிருந்தீர்.

ஏறாது. உம்முடைய ஒப்பந்தம் முடியும்வரை அலகு (கிலோவாற் மணி) விலையும், பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் வரும் நாளாந்தக் கட்டணமும் நீர் கையெழுத்திட்டபடியே இருக்கும். உச்சவரம்பு என்பது, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் மாறும் கட்டணத்தில் இருக்கும் வீடுகளிடம் நிறுவனங்கள் அளவுக்கு மீறி வாங்காதிருக்க 2019 ஜனவரியில் கொண்டுவரப்பட்ட காப்பு. முன்பு அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறியது. 2022 ஒக்டோபரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. நிலைவிலையில் இருப்பவரை அது நேரடியாகத் தொடுவதில்லை.

அப்படியென்றால் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் எடுக்கும் என் டைரக்ட் டெபிட்டை ஏன் கூட்டினார்கள் என்று நீர் கேட்பது நியாயமே. விலை வேறு, மாதாந்தம் எடுக்கும் தொகை வேறு. வருடம் முழுவதும் நீர் எவ்வளவு பாவிப்பீர் என்று மதிப்பிட்டு, அதைப் பன்னிரண்டாகப் பிரித்துத்தான் அந்தத் தொகையை எடுக்கிறார்கள். பகலிலும் ஹீற்றிங் ஓடினால் அலகுகள் கூடும், மதிப்பீடும் கூடும். பில்லில் அலகு விலை மாறாமல் இருக்கிறதா என்று பாரும். மாறவில்லையென்றால் ஒப்பந்தம் மீறப்படவில்லை. ஆனால் மீற்றர் கணக்கு சரியாக இருந்தும் தொகை மிகையாகத் தோன்றினால், அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று விளக்கம் கேட்க உமக்கு உரிமை உண்டு. தயங்காமல் எழுதிக் கேளும்.

செய்தியில் சொல்லப்படும் 1,758 பவுண்டு என்ற தொகைதான் பலரைக் குழப்புகிறது. அதற்கு மேல் எவரிடமும் வாங்க மாட்டார்கள் என்று நம்பும் முதியவர்களை நான் இங்கே சந்தித்திருக்கிறேன், அது எனக்குப் பெரிய கவலை. ஆண்டுக்கு 2,700 அலகு மின்சாரமும் 11,500 அலகு எரிவாயுவும் பாவிக்கும் ஒரு வீட்டுக்கான கணக்கு அது. வரம்பு விலைக்குத்தான், பில்லுக்கு அல்ல. ஒக்டோபரில் 1,755 ஆக இருந்தது இப்போது 1,758, மூன்று பவுண்டுதானே என்று தோன்றும். ஆனால் உள்ளே பார்த்தால் மின்சாரம் அலகுக்கு 26.35 பென்ஸிலிருந்து 27.69 ஆக ஏறியிருக்கிறது, எரிவாயு 6.29 பென்ஸிலிருந்து 5.93 ஆக இறங்கியிருக்கிறது. எரிவாயு இணைப்பே இல்லாமல், மின்சாரத்தாலேயே வீட்டைச் சூடாக்கி வருடத்துக்கு 5,000 அலகு செலவழிக்கும் ஒரு ஃபிளாற்றுக்கு இந்த ஏற்றம் இதே விலையில் நீடித்தால் 67 பவுண்டு வரும். தலைப்புச் செய்தியில் அந்த வீடு இல்லவே இல்லை. நாளாந்தக் கட்டணமும் அப்படித்தான்: ஒரு விளக்கும் போடாவிட்டாலும் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்குமாக வருடத்துக்கு ஏறக்குறைய 328 பவுண்டு கட்ட வேண்டும். குறைவாகப் பாவிக்கும் ஏழை வீடுகள் மீது இது அநியாயமான சுமை என்றே நான் நினைக்கிறேன்.

உச்சவரம்பு உம்மைத் தொடாது என்று சொன்னாலும், அதோடு உமக்குத் தொடர்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறுவனங்கள் எரிபொருள் வாங்கும் மொத்த விற்பனைச் சந்தையில் கடந்த சில மாதங்களாக இருந்த விலைகளின் சராசரியை வைத்து உச்சவரம்பு கணக்கிடப்படுகிறது. நிலைவிலையோ அடுத்த ஒரு வருடத்துக்கு எரிபொருளை இன்று வாங்கி வைத்தால் என்ன செலவாகும் என்பதைப் பொறுத்தது. எனவே சந்தை இறங்கும்போது நிலைவிலை முதலில் இறங்கும்; ஏறும்போது அதுவே முதலில் ஏறும். 2021 இன் இறுதியில் நடந்தது நினைவிருக்கும். அப்போது உச்சவரம்பு 1,277 பவுண்டு. அதைவிடக் குறைந்த நிலைவிலை எங்குமே கிடைக்காமல், மாறும் கட்டணமே மலிவானதாயிற்று. ஏற்கனவே நல்ல விலையில் ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள், ஆனால் சிறிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தபோது அவற்றின் வாடிக்கையாளர்கள் வேறு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டு, பழைய விலையை இழந்தார்கள். அடுத்த ஏப்ரலில் உச்சவரம்பு 1,971 ஆகியது. 2022 ஓகஸ்டில் அது 3,549 ஆகும் என்று அறிவித்ததும், பயத்தில் பலர் மிகக் கூடிய விலைகளில் ஒப்பந்தம் செய்தார்கள். செப்டெம்பர் 8 ஆம் திகதி அன்றைய பிரதமர் லிஸ் ட்ரஸின் அரசு, சராசரி வீட்டின் வருடப் பில்லை 2,500 பவுண்டளவில் நிறுத்தும் உத்தரவாதத்தை அறிவித்தபோது, நிலைவிலைக்காரருக்கும் மின்சாரத்தில் அலகுக்கு 17 பென்ஸ் வரையும் எரிவாயுவில் 4.2 பென்ஸ் வரையும் கழிவு கிடைத்தது உண்மைதான். ஆயினும் 2023 ஜூலையில் உச்சவரம்பு 2,074 ஆக இறங்கியபோது, கூடிய விலையில் மாட்டிக்கொண்டவர்கள், ஒப்பந்தத்தை இடையில் முறிப்பதற்கான வெளியேற்றக் கட்டணம் கட்டி விலகுவதா, பொறுத்துக்கொள்வதா என்று தவிக்க நேர்ந்தது.

ஆகவே உமக்கு உண்மையில் முக்கியமான நாள் இந்த ஜனவரி முதலாம் திகதி அல்ல, ஏப்ரலில் உம்முடைய ஒப்பந்தம் முடியும் நாள்தான். அதற்கு 49 நாள் முன்பிருந்தே வெளியேற்றக் கட்டணம் இல்லாமல் மாறலாம். உம்முடைய கணக்கில் அது பெப்ரவரி கடைசிக் கிழமையளவில் வருகிறது. ஏப்ரல் உச்சவரம்பின் அறிவிப்பும் அந்த நாள்களிலேயே வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு முடிவெடும். அவசரப்படத் தேவையில்லை: நீர் ஒன்றுமே செய்யாவிட்டாலும் மாறும் கட்டணத்துக்குப் போவீர், அங்கே உச்சவரம்பின் காப்பு உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பில்லில் சேர்க்கப்பட்டு வந்த, அரசின் கொள்கைத் திட்டங்களுக்கான சில செலவுகளை ஏப்ரலிலிருந்து நீக்கி, சராசரி வீட்டுக்கு 150 பவுண்டு குறைப்பதாக நவம்பர் பட்ஜெட்டில் அரசு சொன்னது. அதே மாதத்தில் மின்கம்பி வலையமைப்புக்கான கட்டணங்கள் கூடுகின்றன. எனவே இப்போது எவராவது புதிய ஒப்பந்தம் தர முன்வந்தால், அந்தக் குறைப்பு விலையில் ஏற்கனவே சேர்க்கப்பட்டிருக்கிறதா, இல்லையென்றால் ஏப்ரலில் எப்படித் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

என்னுடைய எண்ணத்தைக் கேட்டால், உங்கள் வீட்டுக்கு மறுபடியும் நிலைவிலைதான் பொருத்தம். ஓய்வூதியத்தில் வாழும் இருவர், அதிலும் குளிரைத் தாங்க முடியாத ஒருவர் இருக்கும் வீட்டில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தியைக் கேட்டுப் பயந்து தேர்மோஸ்ராற்றைக் குறைப்பது நல்லதல்ல. வருடக் கணக்கில் சில பவுண்டு கூடினாலும் அலகு விலை மாறாது என்ற உறுதி இருந்தால், மச்சாள் தயக்கமில்லாமல் வீட்டைச் சூடாக வைத்திருப்பார். இந்தக் குளிரில் அதைக் குறைக்க அவரை விட வேண்டாம்.

உம்முடைய கடைசி பில்லில் உள்ள நான்கு எண்களையும், அதாவது இரண்டு அலகு விலைகளையும் இரண்டு நாளாந்தக் கட்டணங்களையும், கடந்த ஒரு வருடத்தில் பாவித்த அலகுகளையும் எழுதி அனுப்பும். பெப்ரவரி அறிவிப்பு வந்ததும் கணக்குப் பார்த்து உமக்கு எழுதுகிறேன்.

மச்சாளுக்கு எங்கள் அன்பைச் சொல்லும்.

என்றும் அன்புடன்,
உமது நண்பன்